மே மாதத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

ஏப்ரல் 14 அன்று நம் காலனிகளில் நீலக்கொடி பறக்கிறது. சிலை இருக்கும் இடத்தில் சிலைக்கும், இல்லாத இடத்தில் படத்துக்கும் மாலை போடுகிறோம். மே 27 என்றால் நம்மில் பலருக்கு ஒன்றும் நினைவுக்கு வருவதில்லை. 1935-இல் அந்த நாளில்தான் ரமாபாய் அம்பேத்கர் காலமானார். கணவர் பிறந்த நாளுக்கும் மனைவி மறைந்த நாளுக்கும் நடுவே 43 நாட்கள். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கைக்குழந்தையோடு படிக்கிற இளம் குடும்பங்களுக்கு ஆண்டிலேயே கடினமான நாட்கள் இந்த 43 நாட்கள்தான்.

பல்கலைக்கழகத் தேர்வு இப்போதுதான் வருகிறது. பள்ளி இப்போதுதான் மூடுகிறது. கடந்த சில ஆண்டுகளாக அங்கன்வாடிக்கும் மே மாதத்தில் விடுமுறை விடுகிறார்கள். வெயிலும் இப்போதுதான். எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு வீட்டின் மேல் இறங்கும்போது, அந்த வீட்டில் யாருடைய புத்தகம் முதலில் மூடப்படுகிறது என்பதைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம்.

படிக்கிற குடும்பம் என்று நாம் சொல்வது யாரை? ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். சூளகிரி, கெலமங்கலம், தேன்கனிக்கோட்டை, பர்கூர் எந்தப் பக்கம் போனாலும் இப்படி ஒரு வீட்டைக் காட்டிவிடலாம். அவருக்கு 26 வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஓசூர் சிப்காட்டில் உதிரிபாகப் பட்டறை ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளி. தொலைநிலைக் கல்வியில் பட்டம் படிக்கிறார். குரூப் 4 தேர்வுக்கும் தயாராகிறார். அவளுக்கு 23 வயது. அரசுக் கல்லூரியில் பி.ஏ. இரண்டாம் ஆண்டில் திருமணம், மூன்றாம் ஆண்டில் குழந்தை. அப்போது விட்ட பாடங்களை அரியராக எழுதி முடித்துவிட்டு இப்போது பி.எட். படிக்கிறாள். மூத்ததற்கு நாலு வயது, இளையதற்கு ஒன்றரை. மாமியார் ரோஜா தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர்.

இந்த வீட்டில் இரண்டு பேருமே முதல் தலைமுறைப் பட்டதாரிகள். அவர்களுக்கு முன் அந்த வீட்டில் யாரும் ஹால் டிக்கெட்டைக் கையில் பிடித்ததில்லை.

(பதினெட்டு நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்துவைக்கும் வழக்கம் நம் மாவட்டத்தில் இன்னும் ஒழியவில்லை என்பது நமக்குத் தெரியும். அது சட்டப்படி குற்றம். 1098 என்ற எண்ணில் யாரும் புகார் சொல்லலாம். இந்தக் கட்டுரை அதற்கு நியாயம் சொல்ல வரவில்லை. வயது வந்து, விரும்பி மணந்து, படிப்பையும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறவர்களைப் பற்றி எழுதுகிறோம்.)

ஒற்றை அறையில் ஒரு பகல்

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரிக்காரர்கள் மே மாதத்தில் ஓசூருக்கு வந்தால் 'ஜில்லென்று இருக்கிறதே' என்பார்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்குக் கீழே வாழ்கிறவர்களுக்கு அந்தக் குளிர்ச்சி எட்டுவதில்லை. சிப்காட்டைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் ஒரு அறை, ஒரு அடுப்பு மேடை, பொதுக் குளியலறை. அந்த அறையும் சுலபத்தில் கிடைப்பதில்லை. அட்வான்ஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்கிற வீட்டுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஊரில் இருக்கும் தொகுப்பு வீடோ இன்னொரு விதம். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் கூரை, இரவு பத்து மணிவரை அதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

கணவருக்கு இந்த வாரம் நைட் ஷிஃப்ட் என்று வைத்துக்கொள்வோம். காலை ஏழரைக்கு வீடு வருகிறார். குளித்து, களியோ இட்லியோ சாப்பிட்டுப் படுத்தால், மாலை நான்கு மணிவரை தூங்கியாக வேண்டும். தூங்காவிட்டால் இரவு இயந்திரத்தின் முன் கண் சொக்கும், விரல் போகும். நாலு வயதுக் குழந்தைக்கு இது புரியுமா? ஒற்றை அறையில் அப்பா தூங்க, அதே அறையில் இரண்டு பிள்ளைகளை எப்படிச் சத்தமில்லாமல் வைத்திருப்பது? அதனால் அவள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுகிறாள். புங்கமர நிழலில் ஒரு பாய். இளையதை மடியில் போட்டுக்கொண்டு, நோட்டைத் தரையில் விரித்துவைத்துப் படிக்கிறாள். பெரியது அவளுடைய பேனாவைப் பிடுங்கி நோட்டில் பஸ் படம் போடுகிறது. இப்படிப் படித்ததைத்தான் மூன்று மணி நேரத் தேர்வில் எழுத வேண்டும்.

நிழலும் இலவசமில்லை. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை கிருஷ்ணகிரி சுற்றுவட்டாரத்தில் புளி சீசன். மூட்டை மூட்டையாகப் புளி வீட்டு வாசலுக்கு வரும். ஓடு நீக்கி, கொட்டை தட்டிக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. மே பிறந்தால் மாங்காய். தோட்டத்தில் பறிப்பு, மண்டியில் தரம் பிரிப்பு, கூழ் ஆலையில் வேலை. தேர்வுக் கட்டணம் கட்டிய கடனை அடைக்க வேண்டிய மாதத்தில்தான் கூலி வேலையும் கிடைக்கிறது. புளி தட்டிக்கொண்டே கல்வி உளவியல் படிக்கிற பெண்களை நம் ஊர்களில் பார்க்கலாம். புகைப்படம் எடுத்துப் போட்டால் நாலு பேர் பாராட்டுவார்கள். எங்களுக்கு அந்தப் பாராட்டு பிடிப்பதில்லை. அந்தப் பெண்ணுக்குத் தேவை தினமும் நாலு மணி நேரம் குழந்தையைப் பத்திரமாக விட்டுவர ஓர் இடம்.

சாப்பாட்டுக் கணக்கு ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறோம். காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிந்தது. மதியச் சத்துணவு அதற்கு முன்பிருந்தே உண்டு. பள்ளி நாட்களில் இரண்டு வேளைச் சாப்பாடு அங்கேயே முடிந்துவிடும் பிள்ளைக்கு, மே மாதத்தில் மூன்று வேளையும் வீட்டில்தான். வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு கொடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004 ஏப்ரலிலேயே உத்தரவிட்டிருக்கிறது. அந்த உத்தரவைப் பற்றி நம் கிராம சபைகளில் யாராவது பேசிக் கேட்டதுண்டா?

அங்கன்வாடி விடுமுறையைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அந்த ஊழியருக்கும் உதவியாளருக்கும் ஓய்வு வேண்டும். கேட்டு, போராடி வாங்கிய விடுமுறை அது. அவர்களில் நம் பெண்களும் உண்டு, அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு. மாற்று ஏற்பாடு செய்ய வேண்டியது அரசு. அந்த இரண்டு வாரத்துக்கு ஒன்றியத்துக்கு இரண்டு மையங்களையாவது மாற்று ஆள் போட்டுத் திறந்துவைக்க முடியாதா?

ஆள் இல்லாதபோது என்ன நடக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஏழு வயது அக்கா, ஒன்றரை வயதுத் தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிகிறாள். சில வீடுகளில் பிள்ளைகளை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போகிறார்கள். இன்னும் பயமானது தண்ணீர். நம் மாவட்டத்தில் கிரானைட் வெட்டி எடுத்துவிட்டு மூடாமல் விட்ட குழிகள் ஏராளம். கோடை மழை ஒன்று பெய்தால் போதும். குழியில் பச்சைத் தண்ணீர் நிற்கும். பக்கவாட்டுச் சுவர் செங்குத்தாக இருப்பதால் விழுந்த பிள்ளை ஏறி வர முடியாது. விடுமுறை தொடங்கிவிட்டால் குட்டையிலும் குவாரிக் குழியிலும் பிள்ளைகள் மூழ்கிய செய்தி இதே மாவட்டப் பக்கங்களில் வராத வருடம் இல்லை. அந்தச் செய்திகளில் பெற்றோர் 'வேலைக்குச் சென்றிருந்தபோது' என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தாண்டி நாம் யாரும் படிப்பதில்லை.

பம்பாயில் ஒரு படிக்கிற குடும்பம்

அம்பேத்கர் எத்தனை பட்டம் வாங்கினார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். அவர் படித்த காலத்தில் அவர் குழந்தையை யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டால்?

அவருடைய மகன் யஷ்வந்த் பிறந்தது 1912 டிசம்பரில். 1913 பிப்ரவரியில் தந்தை ராம்ஜி இறந்துபோனார். அந்த ஜூலையில் பரோடா மன்னரின் உதவித்தொகையில், மாதம் பதினொன்றரை பவுன் கணக்கில் மூன்று ஆண்டுகளுக்கு, அம்பேத்கர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குக் கிளம்பினார். அவர் கப்பல் ஏறியபோது குழந்தைக்கு ஏழு மாதம். ரமாபாய்க்குப் பதினைந்து, பதினாறு வயது. குடும்பத் தலைவர் உயிரோடு இல்லை. பம்பாய் உழைப்பாளர் குடியிருப்பில் கூட்டுக் குடும்பத்துக்குள் அந்தச் சிறு பெண் குழந்தையை வளர்த்தார்.

1917-இல் உதவித்தொகைக் காலம் முடிந்து, லண்டன் படிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டுத் திரும்பினார் அம்பேத்கர். டிஸ்கன்டினியூ என்று இன்று நாம் சொல்வோமே, அதேதான். பிறகு பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்துச் சேமித்து, நண்பரிடம் கடனும் கோல்ஹாபூர் மன்னர் சாகு மகாராஜின் உதவியும் பெற்று, 1920-இல் மறுபடி லண்டன் போனார். 1923-இல் திரும்பினார். அந்த ஆண்டுகளிலும் வீடு ரமாபாயின் தலையில்தான். சாணம் பொறுக்கி வறட்டி தட்டி அவர் அடுப்பெரித்ததை வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன.

அவர்களுக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளில் நான்கு சிறு வயதிலேயே இறந்துபோயின. கங்காதர், ரமேஷ், இந்து, கடைசியாக ராஜரத்னா. ராஜரத்னா இறந்தது 1926 ஜூலையில். மூன்று மகன்களையும் ஒரு மகளையும் புதைத்துவிட்டோம் என்று அம்பேத்கர் அடுத்த மாதம் நண்பருக்கு எழுதினார். பாகிஸ்தான் பிரச்சினை பற்றிய தன் பெரிய நூலை, வறுமையில் உடன் நின்ற ராமுவின் நினைவுக்கு அவர் காணிக்கையாக்கியது 1940-இல். ராமு என்பது ரமாபாயை அவர் அழைத்த பெயர்.

அந்தப் பட்டங்களின் விலையில் ஒரு பங்கை ரமாபாய் கொடுத்தார் என்று மேடையில் பேசி முடித்துவிடுவது எளிது. தியாகம் என்று ஒரு சொல்லைப் போட்டுவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடும். ஆனால் அம்பேத்கர் அதைத் தியாகக் கணக்கில் எழுதி மூடிவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ராஜரத்னா இறந்து இரண்டு ஆண்டு கழித்து, 1928 ஜூலை 28 அன்று, பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதா விவாதத்துக்கு வந்தது. ஆலையில் வேலை செய்யும் பெண்ணுக்குப் பிரசவ காலத்தில் கூலியோடு ஓய்வு தருவது பற்றியது. முதலாளிகளுக்குச் செலவு கூடும் என்று எதிர்ப்பு. அம்பேத்கர் எழுந்து ஆதரித்தார். தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை. ஆகவே அரசு பெரும் பங்கைச் சுமக்க வேண்டும், அவளை வேலைக்கு வைத்து லாபம் காண்கிற முதலாளியும் தன் பங்கைத் தர வேண்டும் என்பது அவர் வாதம். அடுத்த ஆண்டு அது சட்டமானது. சென்னை மாகாணத்தில் அதுபோன்ற சட்டம் 1934-இல் வந்தது.

நான்கு குழந்தைகளை இழந்த வீட்டிலிருந்து வந்த மனிதர், தாயின் ஓய்வை அரசும் முதலாளியும் கொடுக்க வேண்டிய கடனாகப் பேசினார். ஓசூர் சிப்காட் கேட்டின் முன் நின்று நாம் கேட்க வேண்டியதும் அதைத்தான்.

ஆலைக்குள் ஒரு தொட்டில்

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 48-ஆவது பிரிவில், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆறு வயதுக்குட்பட்ட அவர்களின் குழந்தைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்று எழுதியது. 2017-இல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தி விடுப்பை 26 வாரமாக்கினார்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்த்துவரலாம் என்றும் சேர்த்தார்கள். புதிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஐம்பது என்ற எண் இருக்கிறது.

இதில் நம் ஆட்கள் கவனிக்கத் தவறுகிற ஒன்று உண்டு. 2018-இல் மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அந்தக் காப்பகம் என்கிறது. தற்காலிகப் பணியாளர், தினக்கூலி, ஒப்பந்தத் தொழிலாளி எல்லோருடைய பிள்ளைகளுக்கும் என்கிறது. 'நீ கான்ட்ராக்ட்தானே' என்று யாராவது சொன்னால் அதை எடுத்துக் காட்டலாம். அப்பா வேலை செய்கிற ஆலையில் விடுவதற்கும் கேட்டுப் பார்க்கலாம். அம்மா தேர்வு எழுதப் போகும் நாளில் அப்பா குழந்தையை ஆலைக் காப்பகத்துக்குத் தூக்கிப் போனால் என்ன குறைந்துவிடும்?

ஆலைகள் எந்த மாதிரிப் பெண்களை விரும்புகின்றன என்பது வேறு கதை. நம் பகுதிக்கு அண்மையில் வந்த மின்னணு ஆலைகளும் மின்வாகன ஆலைகளும் ஆயிரக்கணக்கில் இளம்பெண்களை எடுத்தன. விடுதியில் தங்கி, பேருந்தில் போய், ஷிஃப்ட் முடித்துத் திரும்பும் திருமணமாகாத பெண் என்றால் நிர்வாகத்துக்குச் சுலபம். 2024 ஜூனில், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஐபோன் தயாரிக்கும் ஆலையில் திருமணமான பெண்களை வேலைக்கு எடுப்பதில்லை என்று ராய்ட்டர்ஸ் நிறுவனம் விரிவாகச் செய்தி வெளியிட்டது. பாகுபாடு காட்டவில்லை என்று நிறுவனம் மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. டிப்ளமோ முடித்த நம் வீட்டுப் பெண், குழந்தை பிறந்த பிறகு எந்தக் கதவைத் தட்ட முடியும் என்பதுதான் அந்தச் செய்தியில் நமக்கு இருந்த விஷயம்.

கல்லூரியில் கேட்க வேண்டியது

ஆலைத் தொழிலாளிக்கு மகப்பேறு விடுப்பு உண்டு. மாணவிக்கு? பல்கலைக்கழக மானியக் குழு 2016-இல் எம்.ஃபில்., பி.எச்டி. மாணவியருக்கு 240 நாள் விடுப்பு என்று விதி செய்தது. பி.ஏ., எம்.ஏ. படிக்கிறவர்களுக்கும் வருகைப் பதிவிலும் தேர்வு விண்ணப்பக் கெடுவிலும் சலுகை தரும்படி விதிகளை வகுத்துக்கொள்ளுங்கள் என்று 2021 டிசம்பரில் எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் கடிதம் எழுதியது. கேரளப் பல்கலைக்கழகம் 2023 மார்ச்சில், 18 வயது நிறைந்த மாணவியர் ஆறு மாதம் வரை மகப்பேறு விடுப்பு எடுத்துவிட்டு, மறுபடி புதிதாகச் சேராமலே படிப்பைத் தொடரலாம் என்று அறிவித்தது. அதே ஆண்டு மே மாதத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் எம்.எட். மாணவி ஒருவரின் வழக்கில், படிப்பா தாய்மையா என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொல்லக் கூடாது என்று சொன்னது.

ஆக, கிருஷ்ணகிரியிலோ ஓசூரிலோ வருகைப் பதிவு குறைந்ததற்காக ஒரு தாயை 'டிசி வாங்கிட்டுப் போம்மா' என்று சொல்கிற நிலை வந்தால், அவள் அழுதுகொண்டு வீட்டுக்குத் திரும்ப வேண்டியதில்லை. மருத்துவமனைச் சான்றிதழை இணைத்து முதல்வருக்கு எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். 2021 டிசம்பர் கடிதத்தைக் குறிப்பிட வேண்டும். நகலில் முத்திரையோடு கையெழுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். வாயால் கேட்டால் வாயால்தான் பதில் வரும்.

பணத்தைப் பற்றி இரண்டு வரி. திருமண உதவியாக இருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டத்தை உயர்கல்வி உதவியாக மாற்றியதுதான் 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டம். தாலிக்குக் கொடுத்த பணத்தைப் படிப்புக்குக் கொடுப்பது என்ற அந்த மாற்றத்தை நாம் வரவேற்கிறோம். ஆனால் மாதம் ஆயிரம் ரூபாய் என்பது அரசுப் பள்ளியிலோ, தமிழ் வழியில் அரசு உதவி பெறும் பள்ளியிலோ படித்து நேரடியாகக் கல்லூரி போகிறவர்களுக்குத்தான். குழந்தைக்காகத் தொலைநிலைக் கல்விக்கு மாறியவளுக்கு அது வராது. அவளுக்குத்தான் கூடுதலாகத் தேவை.

எல்லைக் கோட்டில் ஒரு சான்றிதழ்

எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் ஒன்று. ஆனேக்கல், மாலூர் பக்கம் பெண் எடுப்பதும் கொடுப்பதும் நம் ஆட்களிடம் பழைய வழக்கம். வீட்டில் கன்னடமும் தெலுங்கும் தமிழும் கலந்து பேசுவோம். நமக்கு அத்திப்பள்ளி செக்போஸ்ட் உறவுக்குத் தடை இல்லை. சாதிச் சான்றிதழுக்கு அது பெரிய தடை. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர் இன்னொரு மாநிலத்தில் குடியேறினால், அங்கே அதே சாதிப் பெயர் பட்டியலில் இருந்தாலும் அந்த மாநிலத்தின் சலுகையைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-இலேயே சொல்லிவிட்டது. பஞ்சாபிலிருந்து உத்தராகண்டுக்கு அதே சாதியில் மணமாகிப் போன ஒரு பெண்ணின் வழக்கிலும் 2018-இல் அதையே உறுதி செய்தது.

கர்நாடகத்தில் பிறந்து ஓசூர்ப் பக்கம் மருமகளாக வந்த பெண், இங்கே கல்லூரியில் சேரும்போது இது அவளைத் தாக்குகிறது. ஊரில் எல்லோரும் அவளைக் காலனிக்காரி என்றுதான் பார்ப்பார்கள். தீண்டாமைக்குச் சான்றிதழ் கேட்பதில்லை. உதவித்தொகை விண்ணப்பம் மட்டும் 'வெளிமாநிலம்' என்று திரும்பி வரும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையை மாணவர் எந்த மாநிலத்தைச் சேர்ந்தவரோ அந்த மாநிலம்தான் தர வேண்டும். எனவே சேர்க்கைக்கு முன்பே, இந்தக் கோடையிலேயே, அப்பா பெயரிலுள்ள பழைய சான்றிதழோடு தாய்வீட்டுத் தாலுக்கா அலுவலகத்தில் கேட்டுவிடுவது நல்லது. பிறந்த குழந்தைகளுக்கு அப்பாவின் வழியில் இங்கேயே சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம்.

இலவசப் பேருந்தும் அப்படித்தான். கர்நாடகத்தின் சக்தி திட்டம் அந்த மாநிலப் பெண்களுக்கு மட்டும். குழந்தையைத் தாய்வீட்டில் விட்டுவிட்டு வந்து தேர்வு எழுத நினைக்கிறவள், எல்லைக்கு இந்தப் பக்கம் மகளிர் டிக்கெட், அந்தப் பக்கம் காசு டிக்கெட் என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

அந்தப் பக்கத்திலிருந்து கற்றுக்கொள்ளவும் ஒன்று இருக்கிறது. கர்நாடக அரசு 2023-இல் 'கூசின மனெ' என்ற திட்டத்தை அறிவித்தது. கூசு என்றால் கைக்குழந்தை, மனெ, வீடு. நம் ஆட்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை. நூறு நாள் வேலைக்குப் போகும் தாய்மாரின் சிறு குழந்தைகளுக்காக, 4,000 கிராம பஞ்சாயத்துகளில் காப்பகம் என்பது திட்டம். 2005-ஆம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டமே, வேலையிடத்துக்கு ஆறு வயதுக்குட்பட்ட ஐந்து குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைக் கூலியோடு அமர்த்தச் சொன்னது. நம் ஏரி வேலைகளில் அதை யாரும் பெரிதாகக் கேட்டதில்லை. மத்திய அரசின் 'பால்னா' திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகத்துக்கும் வழி இருக்கிறது.

மே 1 தொழிலாளர் தினத்தன்று ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை கூடும். ரோடு, தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை என்று நாம் கேட்கிற பட்டியலில் இன்னும் மூன்றைச் சேர்க்கலாம். எங்கள் காலனி அங்கன்வாடியோடு ஒரு குழந்தைகள் காப்பகம்; மே மாதத்தில் மாற்று ஆள்; ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் குவாரிக் குழிகளுக்கு வேலி. தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். படிக்கத் தெரிந்தவர்கள் நம் வீட்டில் இருக்கிறார்களே.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. குரூப் 4 தேர்வு 2024-இல் ஜூன் 9, 2025-இல் ஜூலை 12 என்று நடந்தது. நம் பையன்கள் அதற்காக நூலகத்திலும் மரத்தடியிலும் கூட்டமாக உட்கார்ந்து படிக்கிறார்கள், நல்லது. அந்தக் கூட்டத்தில் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பையனை நாம் இன்னும் பார்க்கவில்லை. அதே தேர்வை அவன் மனைவியும் எழுதுகிறாள்; அவள் குழந்தையோடுதான் படிக்கிறாள். ஷிஃப்ட் முடிந்து தூங்கி எழுந்த பிறகு, மாலை ஐந்திலிருந்து எட்டு வரை பிள்ளைகள் அப்பாவிடம் என்று ஒரு வீட்டில் முடிவெடுத்தால் அவளுக்கு வாரத்துக்கு 21 மணி நேரம் கிடைக்கும். எந்தச் சட்டமும் அரசாணையும் தேவைப்படாத 21 மணி நேரம்.

மாமியார்களைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ரோஜா தோட்டத்துக் கூலியை ஒரு நாள் விட்டுவிட்டு, "நீ போய் எழுதிட்டு வா கண்ணு, புள்ளைங்கள நான் பாத்துக்கிறேன்" என்கிறவர்கள் நம் தெருக்களில் நிறைய. அந்த ஒரு நாள் கூலி எந்த உதவித்தொகைக் கணக்கிலும் வருவதில்லை. தேர்வு மையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, பாட்டிலில் ராகிக் கூழும் ஒரு ஈரத் துணியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பாட்டிகளை இந்த மாதத்தில் கல்லூரி வாசல்களில் பார்க்கலாம். உள்ளே பெஞ்சில் உட்கார இடம் கொடுங்கள் என்று காவலாளியிடம் சொல்ல முதல்வருக்கு ஒரு நிமிடம் போதும். தேர்வு முடியும்வரை ஒரு வகுப்பறையைத் திறந்துவிட்டு மின்விசிறியைப் போட்டுவைக்க ஒரு சாவி போதும். அடுத்த வாரத் தேர்வுகளுக்கே அதைச் செய்யலாம்.